கரியமில வாயுப் பிரித்தெடுப்பு இயந்திரத்தில் அலாரம் வந்தால்: புதிய ஆபரேட்டர்களுக்கான வழிகாட்டி

தாவரச் சரக்கிலிருந்து எண்ணெயைக் கரைத்து எடுக்க, அழுத்திய கரியமில வாயுவைப் பயன்படுத்தும் இயந்திரம் இது. சரக்கு நிரப்பும் உயரழுத்தக் கலன்தான் எக்ஸ்ட்ராக்டர். திரையில் "எக்ஸ்ட்ராக்டர் அழுத்தம் அதிகம்" என்று சிவப்பு வரி வந்ததும், புதிதாகச் சேர்ந்தவர்கள் எக்ஸ்ட்ராக்டரையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. அடுத்துள்ள வால்வில் மெழுகு அடைத்திருக்கும், அந்த வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் போயிருக்கும், இல்லையென்றால் உள்ளே போட்ட சரக்கில் ஈரம் கூடுதலாக இருந்திருக்கும். எந்த இடத்தில் அளவு எல்லை தாண்டியது என்பதை மட்டுமே அலாரம் சொல்கிறது. ஏன் தாண்டியது என்பதை, வாயு ஓடும் பாதையோடு நாமும் நடந்துபோய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கரியமில வாயு கொதிக்கும், உறையும் அழுத்த, வெப்பநிலை அளவுகள் அதன் இயல்பு. எந்த இயந்திரத்திலும் மாறாது. ஆனால் அலாரம் எந்த எண்ணில் அடிக்க வேண்டும், எந்த எண்ணில் இயந்திரம் தானே நிற்க வேண்டும் என்பதை உங்கள் இயந்திரத்தின் கையேடுதான் முடிவு செய்யும். அந்தப் பட்டியலை அச்சடித்துப் பேனல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

வாயு ஓடும் வழி

சேமிப்புக் கலனில் திரவமாக இருக்கும் கரியமில வாயு, குளிர்விப்பான் வழியாகப் பம்புக்குப் போகிறது. பம்ப் அதை 100 முதல் 350 பார் வரை, சில இயந்திரங்களில் அதற்கும் மேலே அழுத்துகிறது. அடுத்துள்ள ஹீட்டர் சூடாக்க, சரக்கு நிரம்பிய எக்ஸ்ட்ராக்டருக்குள் நுழைகிறது. 31 டிகிரி செல்சியஸ், 73.8 பார் இரண்டையும் தாண்டிய நிலையில் அது திரவமும் இல்லை, வாயுவும் இல்லை. எண்ணெயைக் கரைத்து எடுக்கும் சக்தி அங்கேதான் வருகிறது. வெளியே வரும்போது பேக் பிரஷர் வால்வில் அழுத்தம் இறங்குகிறது. செப்பரேட்டரில் எண்ணெய் கீழே தங்க, வாயு மேலே போகிறது. கண்டென்சரில் மறுபடி திரவமாகிச் சேமிப்புக் கலனுக்கே திரும்புகிறது.

இது மூடிய வட்டம் என்பதால் ஓரிடத்துக் கோளாறு மற்ற எல்லா இடத்திலும் எதிரொலிக்கும். குளிர்விப்பானுக்கும் கண்டென்சருக்கும் குளிர்நீர் அனுப்பும் சில்லர் நின்றால் பத்து நிமிடத்தில் பம்ப் அலாரமும், அதைத் தொடர்ந்து ஓட்டம் குறைவு, எக்ஸ்ட்ராக்டர் அழுத்தம் குறைவு, ஹீட்டர் வெப்பம் அதிகம் என்று வரிசையாகவும் வரும். ஐந்து அலாரம் வந்தாலும் கோளாறு ஒன்றுதான்.

அறை அலாரம்: இதில் ஆராய்ச்சி வேண்டாம்

மற்ற அலாரம் எதுவானாலும் நின்று யோசிக்கலாம். அறையில் கரியமில வாயு கூடிவிட்டது என்ற அலாரம் வந்தால் வெளியே போக வேண்டியதுதான். எட்டு மணி நேர வேலைக்கான சராசரி வரம்பு 5,000 பிபிஎம். 15 நிமிடத்துக்கான வரம்பு 30,000. 40,000 பிபிஎம், அதாவது 4 சதவீதம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. 10 சதவீதத்தை நெருங்கினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

ஒரு கிலோ கரியமில வாயு அறை வெப்பநிலையில் சுமார் 540 லிட்டர் இடத்தை நிரப்பும். 100 கன மீட்டர் அறையில் 10 கிலோ கசிந்தாலே 5 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதுவும் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தரையிலும் குழிகளிலும் கேபிள் பள்ளங்களிலும் முதலில் தேங்கும். முழங்கால் உயரத்தில் அபாய அளவு எட்டிய பிறகும் முக உயரத்தில் எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதே என்று நம்பி நிற்க வேண்டாம். 4 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றில் ஆக்சிஜன் 20.9-லிருந்து 20.1 சதவீதத்துக்குத்தான் இறங்கியிருக்கும். வழக்கமாக 19.5-ல் அடிக்கும் ஆக்சிஜன் மீட்டர் அந்த நேரத்தில் சத்தமே போடாது. கரியமில வாயுவுக்கென்று தனி சென்சார் வேண்டும், அது தாழ்வாகவும் இருக்க வேண்டும்.

வெளியேறும் வழியில் அவசர நிறுத்த பட்டன் இருந்தால் அழுத்துங்கள். எக்ஸாஸ்ட் விசிறியின் சுவிட்ச் அறைக்கு வெளியே இருந்தால் போடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும், தனிக் காற்று சிலிண்டர் கொண்ட சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வடிகட்டி பொருத்திய முகமூடி கரியமில வாயுவை நிறுத்தாது. காப்பாற்றப் போனவர் இரண்டாவது ஆளாக விழுவது இந்த வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

ரீசெட் தொடுவதற்கு முன்

மற்ற அலாரங்களுக்கு வருவோம். திரையில் இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்று, "பார்த்துவிட்டேன்" என்று ஒலியை மட்டும் நிறுத்துவது. மற்றொன்று ரீசெட், அது பூட்டைத் திறந்து இயந்திரத்தை மறுபடி ஓட அனுமதிக்கும். முதலாவதைத் தயங்காமல் அழுத்தலாம். இரண்டாவதைத் தொடுவதற்கு முன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. அலாரப் பட்டியலில் நேரப்படி முதலில் வந்தது எது. திரை புதியதை மேலே காட்டும் என்பதால் பட்டியலின் அடியில் பாருங்கள். சில கண்ட்ரோலர்கள் முதல் காரணத்தைத் தனியாகவே பதிந்து வைக்கும்.
2. பம்புக்கு முன், எக்ஸ்ட்ராக்டர், செப்பரேட்டர், சேமிப்புக் கலன் ஆகிய நான்கு இடங்களின் அழுத்தமும் வெப்பநிலையும்.
3. பம்ப் வேகம், ஓட்ட அளவு, பேக் பிரஷர் வால்வ் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்ற எண்.
4. ஓட்டம் தொடங்கி எவ்வளவு நேரம், எந்தச் சரக்கு, அதன் ஈரப்பதம்.
5. கடைசி அரை மணி நேரத்தின் வரைபடம். அளவு மெல்ல ஏறியதா, செங்குத்தாகப் பாய்ந்ததா?

ஐந்தாவதுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். மெல்ல ஏறினால் அடைப்பு, தேய்மானம், குளிர்ச்சிக் குறைவு. ஒரே நொடியில் 45 டிகிரியிலிருந்து பல நூறு டிகிரிக்குத் தாவினால் வயர் அறுந்திருக்கிறது. இத்தனை கிலோ இரும்பு ஒரு நொடியில் அவ்வளவு சூடாகாது.

ரீசெட் செய்து ஓட்டிவிட்டால் இந்தத் தடயங்களில் பாதி அழிந்துவிடும். அதே அலாரம் இரண்டாவது முறை வந்தால், காரணம் தெரியாமல் மறுபடி ரீசெட் செய்யக் கூடாது.

அழுத்தமும் வெப்பநிலையும் சேர்ந்தே போகும்

திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும் கலனில் வெப்பநிலை தெரிந்தால் அழுத்தமும் தெரியும். இந்தச் சிறிய பட்டியல் பாதிக் கோளாறுகளைத் தீர்க்கும்:

−20 டிகிரி: 19.7 பார்
−10 டிகிரி: 26.5 பார்
0 டிகிரி: 34.9 பார்
5 டிகிரி: 39.7 பார்
10 டிகிரி: 45 பார்
15 டிகிரி: 50.9 பார்
20 டிகிரி: 57.3 பார்
25 டிகிரி: 64.3 பார்

இவை வளிமண்டலத்தையும் சேர்த்த முழு அழுத்தம். சாதாரண கேஜ் இதைவிட 1 பார் குறைவாகக் காட்டும். உங்கள் சென்சார் எந்த வகை என்று ஒருமுறை கையேட்டில் பார்த்து வையுங்கள்.

இன்னொரு எண்: 5.2 பாருக்குக் கீழே கரியமில வாயு திரவமாக இருக்காது. திரவம் உள்ள குழாயை அதற்குக் கீழே இறக்கினால் உள்ளேயே உலர்பனிக்கட்டியாக உறைந்துவிடும். வளிமண்டல அழுத்தத்தில் அதன் வெப்பநிலை −78.5 டிகிரி. அடைப்பில் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன.

ஓட்டம் குறைவு, பம்ப் உறிஞ்சுவதில்லை

புதியவர்கள் அதிகம் சந்திக்கப்போவது இதைத்தான். பம்ப் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, எக்ஸ்ட்ராக்டர் அழுத்தம் மட்டும் ஏற மறுக்கிறது. காரணம் பெரும்பாலும் பம்புக்குள் திரவத்தோடு வாயுக் குமிழியும் போவது. பிஸ்டன் முன்னே போகும்போது குமிழி சுருங்குகிறது, பின்னே வரும்போது விரிகிறது. வெளியே எதுவும் போவதில்லை.

உறுதி செய்ய மேலே உள்ள பட்டியலே போதும். பம்ப் நுழைவாயிலில் 50 பார், 13 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 50 பாரில் திரவம் கொதிக்கும் புள்ளி 14 டிகிரிக்குச் சற்று மேலே. இடைவெளி ஒரு டிகிரிதான். உறிஞ்சும் வால்வில் ஏற்படும் சிறு அழுத்த இறக்கமே கொதிக்க வைக்கப் போதும். குறைந்தது 5, முடிந்தால் 10 டிகிரி இடைவெளி வேண்டும். 50 பாருக்கு 5 டிகிரியில் திரவம் வந்தால் பம்ப் நிம்மதியாக ஓடும்.

ஓட்ட மீட்டர் கொரியோலிஸ் வகையாக இருந்தால் அது அடர்த்தியையும் காட்டும். 5 டிகிரித் திரவத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 900 கிலோவை ஒட்டி இருக்கும். அந்த எண் 500-க்கும் 800-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை, குமிழி போகிறது.

தேட வேண்டிய வரிசை இது. சேமிப்புக் கலனில் திரவ மட்டம் போதுமா? சிலிண்டரிலிருந்து எடுப்பதானால், அது அடிவரை குழாய் இறங்கிய சிலிண்டர்தானா? குழாய் இல்லாத சிலிண்டர் மேலுள்ள வாயுவைத்தான் தரும். எத்தனை சிலிண்டர் மாற்றினாலும் பம்ப் பிடிக்காது. சிலிண்டரில் திரவம் தீர்ந்ததா என்பதை அழுத்தம் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் அப்படியே நிற்கும். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து சில்லர். போகும் நீரின் வெப்பநிலை செட் செய்த அளவில் இருக்கிறதா, திரும்பி வரும் நீர் எவ்வளவு? போகும் நீர் குளிராகவே இருந்து, திரவம் மட்டும் குளிரவில்லையென்றால் நீரோட்டம் குறைந்திருக்கிறது: ஸ்ட்ரெய்னரில் அழுக்கு, பாதி மூடிய வால்வ், குழாயில் காற்று. சில்லரே குளிர்விக்கவில்லையென்றால் அதன் ரேடியேட்டர் தூசியையும் விசிறியையும் பாருங்கள். நீர் உறையாமலிருக்கச் சேர்க்கும் கிளைகாலின் கலவையை ரிஃப்ராக்டோமீட்டரில் (செறிவைக் காட்டும் கருவி) சோதியுங்கள்; எடையில் 30 சதவீத புரொப்பிலீன் கிளைகால் சுமார் −13 டிகிரி வரைதான் உறையாமல் தாங்கும். மட்டம் குறைந்தபோதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றியே வந்திருந்தால் கலவை நீர்த்துப்போய், சில்லரின் உள்ளே பனி கட்டி, ஓட்டம் குறைவு என்று சில்லரும் தன் பங்குக்கு அலாரம் கொடுக்கும்.

பிறகு உறிஞ்சு வடிகட்டி. முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 1 பாரைத் தாண்டினாலே சந்தேகப்படுங்கள். குளிர்ந்த திரவம் அங்கேயே கொதிக்கத் தொடங்கும். வடிகட்டியில் எண்ணெய்ப் பசையோ மெழுகோ இருந்தால் செப்பரேட்டர் சரியாகப் பிரிக்கவில்லை என்று பொருள். வடிகட்டியை மட்டும் கழுவிப் போட்டால் அடுத்த வாரம் இதே அலாரம் வரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பைக் குறை சொல்ல வேண்டும். மூன்று பிஸ்டன் பம்பில் ஒன்றின் வால்வ் ஒழுகினால், அழுத்தமானி முள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தாழும். மூன்று சீரான துடிப்புக்குப் பதிலாக இரண்டு துடிப்பும் ஒரு தளர்வுமாகத் தெரியும். வால்வை அடைக்கும் கோலிக்கும் அது உட்காரும் இருக்கைக்கும் நடுவே ஒரு துகள் மாட்டினாலே இது நடக்கும். பம்பை நிறுத்தி, வெளிப்பக்க அழுத்தம் பின்வாங்கி உறிஞ்சு பக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் வால்வ்தான். பிஸ்டன் சீல் தேய்ந்திருந்தால் பின்பக்க ஒழுகு துளையில் சீறல் கேட்கும், வெண்பனி படியும். இருப்பில் ஒரு முழு சீல் செட்டும், கோலி-இருக்கை செட்டும் எப்போதும் இருக்கட்டும்.

பம்ப் மோட்டாரின் டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) ஓவர்லோடு என்று நின்றால் கதை வேறு. முதலில் வெளிப்பக்க வால்வ் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புதிதாகப் போட்ட சீல் இறுக்கமா, மூன்று ஃபேஸ் மின்சாரமும் வருகிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்ட்ராக்டர் அழுத்தம் அதிகம்

இங்கே அழுத்தத்தைவிடப் பேக் பிரஷர் வால்வின் திறப்பு எண்ணைப் பாருங்கள். கண்ட்ரோலர் வாயுவை வெளியேற்ற முயன்று வால்வை 35-லிருந்து 50, 70, 90 சதவீதம் என்று திறந்துகொண்டே போயும் அழுத்தம் ஏறினால் வழியில் அடைப்பு. வால்வ் பழைய அளவிலேயே நிற்க அழுத்தம் மட்டும் ஏறினால் கட்டளை வால்வுக்குப் போகவில்லை: காற்று அழுத்தம் இல்லை, வால்வைச் சொன்ன அளவுக்குத் திறக்கும் பொசிஷனர் மாட்டிக்கொண்டது, அல்லது யாரோ மேனுவலில் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள்.

தலைகீழ் நிலையும் உண்டு. வால்வ் 0 சதவீதம் மூடியும் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தால், ஊசியோ இருக்கையோ அரித்துப்போயிருக்கிறது. வடிகட்டி வலை கிழிந்து தூள் பாய்ந்த இயந்திரங்களில் இது சீக்கிரம் வரும்.

அடைப்பு என்றால் எந்த அடைப்பு? மூன்று வகை உண்டு.

பனி. 300 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும் இடத்தில் வாயு கடுமையாகக் குளிர்கிறது. ஈரச் சரக்கிலிருந்து வந்த நீர் அங்கே உறையும். பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும் என்றுகூட இல்லை. அந்த அழுத்தத்தில் நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து சுமார் 10 டிகிரிக்குக் கீழேயே ஹைட்ரேட் என்ற திடப்பொருளாகிவிடும். அடையாளம்: அழுத்தம் ஏறும், திடீரென்று இறங்கும், மறுபடி ஏறும். பனி உடைவதும் கட்டுவதுமாக வரைபடம் ரம்பப் பல்போல இருக்கும். பம்ப் வேகத்தைக் குறைத்து, வால்வ் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரக்கின் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அடுத்த லோடை உலர்த்தியே போடுங்கள்.

மெழுகு. இது சீராக, மெதுவாக ஏறும் கோடு, தானாக உடையாது. வால்வையும் அதற்கு அடுத்த குழாயையும் வெந்நீர்ச் சுற்றால் 50, 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் இளகும். நேரடி நெருப்போ வெல்டிங் டார்ச்சோ கூடவே கூடாது. உயரழுத்தக் குழாயின் உலோகத்தை அது கெடுக்கும்; எத்தனால் சேர்த்து ஓட்டும் இயந்திரத்தில் தீப்பற்றவும் செய்யும்.

தூள். சரக்கை மிக நைசாக அரைத்துக் கூடையில் இறுக்கிக் குத்தினால், எக்ஸ்ட்ராக்டரின் அடிக்கும் மேலுக்கும் அழுத்த வித்தியாசம் கூடிவிடும். வால்வுக்குப் போகும் முன்பே, மேல்வலையில் அடைப்பு நிற்கும். எக்ஸ்ட்ராக்டரின் இரு முனைகளிலும் சென்சார் இருந்தால் இது உடனே தெரியும். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் துகள் பல தாவரச் சரக்குகளுக்கு ஒத்துவரும். மாவு போன்ற பகுதியைச் சலித்து எடுத்துவிடுங்கள். இந்த அலாரம் வந்ததும் பம்ப் வேகத்தைக் கூட்டித் தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. சரக்கு இன்னும் இறுகும், வலை கிழியும்.

சேஃப்டி வால்வ் ஒருமுறை திறந்திருந்தால் அதோடு ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். திறந்தபோது உண்டான உலர்பனி இருக்கையில் மாட்டி, முழுதாக மூடாமல் ஒழுகும். அதைச் சோதிக்கவோ மாற்றவோ வேண்டும். ஒழுகுகிறதே என்று வெளிவாயை அடைப்பது கொலைக்குச் சமம்.

செப்பரேட்டரும் சேமிப்புக் கலனும்

செப்பரேட்டர் வெப்பநிலை குறைவு என்ற அலாரத்துக்கு மூன்றே காரணம்: வெந்நீர்ச் சுற்று நின்றது, ஹீட்டர் எரிந்தது, அல்லது ஓட்டம் ஹீட்டரின் சக்தியை மீறியது. மூன்றாவது என்றால் பம்ப் வேகத்தைக் குறைத்ததும் வெப்பநிலை மீளும். இதை அலட்சியப்படுத்தி ஓட்டினால் செப்பரேட்டரில் திரவ கரியமில வாயு தேங்கும். எண்ணெய் எடுக்க அடி வால்வைத் திறக்கும்போது நுரையும் பனியுமாகச் சீறிக்கொண்டு வரும். அப்படி வந்தால் வால்வை மூடிவிட்டுச் செப்பரேட்டர் சூடாகக் காத்திருங்கள்.

செப்பரேட்டரும் சேமிப்புக் கலனும் சேர்ந்தே அழுத்தம் அதிகம் என்றால் கண்டென்சர் வேலை செய்யவில்லை. சில்லரை மேலே சொன்னபடி பாருங்கள். சில்லர் நன்றாக இருந்தும் அழுத்தம் இறங்கவில்லையா? அங்கே காற்று இருக்கும். சரக்கு மாற்றிய பிறகு எக்ஸ்ட்ராக்டரிலிருந்த காற்றைச் சரியாக விரட்டாமல் தொடங்கினால், ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் காற்று வட்டத்துக்குள் சேர்ந்துவிடும். காற்று இங்கே திரவமாகாது. கண்டென்சர் மேல்பகுதியில் உட்கார்ந்துகொண்டு வாயுவைக் குளிர்க்குழாயில் படவிடாது.

கணக்கு எளிது. கலன் 5 டிகிரியில் இருக்கிறது, கேஜ் 38.7 காட்ட வேண்டும். 45 காட்டினால் மிகுதி 6 பாருக்குமேல் காற்று. பம்பை நிறுத்தி, வெப்பநிலை நிலைக்க விட்டு, கண்டென்சரின் மேல் வென்ட் வால்வைச் சிறு சிறு தடவையாகத் திறந்து, வெளியே போகும் குழாய் வழியாக விடுங்கள். ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். பட்டியலோடு பொருந்தியதும் நிறுத்துங்கள். அதற்குமேல் விட்டால் போவது நல்ல வாயு.

சென்சார் பொய் சொல்லும்போது

அழுத்த சென்சார்கள் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்ப் சிக்னல் தரும். 0–600 பார் சென்சாரில் 300 பாருக்கு 12 மில்லிஆம்ப். வயர் அறுந்தால் 0 மில்லிஆம்ப். திரையில் −150 பார் என்று வரும். அப்படி ஓர் அழுத்தம் உலகில் கிடையாது. 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் பழுது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து அளந்தால் சென்சாரா, கண்ட்ரோலரின் கார்டா என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

வெப்பநிலைக்குப் பிடி100 (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சென்சார்) என்றால் வயரைக் கழற்றி ஓம் பாருங்கள்: 0 டிகிரியில் 100, 20 டிகிரியில் 107.8, 50 டிகிரியில் 119.4. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. சரியான எண் வந்தும் ஹீட்டர் அலாரம் தொடர்ந்தால், சென்சார் அதன் பைக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி வெளியே வந்த சென்சார் குறைவாகக் காட்டும். கண்ட்ரோலர் ஹீட்டரை ஓயாமல் எரிக்கும். தனியாக உள்ள மிகைவெப்பத் துண்டிப்பு டிரிப் ஆகும். செட் பாயின்ட் தாண்டியும் சூடு ஏறினால் ஹீட்டரை இயக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவை பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே, அதாவது மின்சாரம் ஓடும் நிலையிலேயே நின்றுவிடும்.

பம்ப் ஓடும்போது மட்டும் அலாரம் வந்து வந்து போனால் வயரிங் பாதையைப் பாருங்கள். சென்சார் கேபிளும் டிரைவின் மோட்டார் கேபிளும் ஒரே தட்டில் படுத்திருக்கும். பிரித்து, கவச உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் நின்றுவிடும்.

பேனல் திறப்பது, மின் அளவு எடுப்பது எல்லாம் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. மெயின் சுவிட்சைப் பூட்டி, பெயரெழுதிய அட்டை மாட்டிய பிறகே கை வையுங்கள்.

மூடி திறக்க மறுக்கிறது

அறை அலாரத்துக்கு அடுத்தபடியாக உயிர் போகக்கூடிய இடம் இதுதான். எக்ஸ்ட்ராக்டரில் அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறக்கவிடாத இன்டர்லாக் இருக்கும். திரை 0 பார் காட்டுகிறது, இன்டர்லாக் விடவில்லை. வேலை நிற்கிறதே என்று சுத்தியலோ ஜம்பர் வயரோ தேடுவார்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். உள்ளே 1 பார் மிச்சமிருந்தால்கூட மூடியை வெளியே தள்ளும் விசை 320 கிலோ எடைக்குச் சமம்.

சென்சார் சூன்யம் காட்ட, உள்ளே அழுத்தம் இருக்க முடியுமா? முடியும். சென்சாருக்குப் போகும் மெல்லிய குழாயில் மெழுகோ உலர்பனியோ அடைத்திருந்தால், வென்ட் செய்யும்போது சென்சார் பக்கம் காலியாகிவிடும், சரக்கு பக்கம் அப்படியே நிற்கும். வேகமாக வென்ட் செய்தால் கூடைக்கு நடுவே உலர்பனி கட்டியாகித் தங்கும். சற்று நேரம் கழித்து அது வாயுவாகி அழுத்தத்தைத் திரும்ப ஏற்றும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. பம்ப் நின்றதையும், எக்ஸ்ட்ராக்டருக்கு வரும் வால்வுகள் மூடியதையும் கண்ணால் உறுதி செய்யுங்கள்.
2. மேல் முனை, கீழ் முனை இரண்டிலும் உள்ள கேஜ்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் சூன்யம் என்றால் அது சான்று ஆகாது.
3. வெந்நீர் ஜாக்கெட்டை 40 டிகிரியில் ஓடவிடுங்கள்.
4. வென்ட் வால்வை மூடி 15 நிமிடம் காத்திருங்கள். அழுத்தம் ஏறினால் உள்ளே பனியோ திரவமோ இருக்கிறது. மறுபடி வென்ட் செய்து, மறுபடி காத்திருங்கள்.
5. இரு முனையும் சூன்யத்தில் நின்று, வென்ட் வால்வைத் திறந்து வைத்தும் காற்றோட்டம் இல்லையென்றால், அதன் பிறகு இன்டர்லாக் சுவிட்சை ஆராயலாம். அப்போதும் மூடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

வென்ட் வேகம் ஓ-ரிங்கையும் பாதிக்கும். ரப்பருக்குள் ஊறிய வாயு திடீரென்று விரிந்தால் கொப்புளமும் வெடிப்பும் வரும். அடுத்த லோடில் "மூடி கசிவு" அலாரமாக அது வந்து நிற்கும். கழற்றிய ஓ-ரிங் வீங்கியிருந்தால் அது சுருங்கும்வரை காத்திருந்து மறுபடி போடுவது வீண், புதியது போடுங்கள்.

சின்ன அலாரங்கள்

காற்று அழுத்தம் குறைவு: வால்வுகளை இயக்கும் காற்று வழக்கமாக 6 பார் அளவில் வேண்டும். கம்ப்ரசர், ரெகுலேட்டர், வடிகட்டிக் கிண்ணத்தில் தேங்கிய நீர், இந்த வரிசையில் பாருங்கள். அவசர நிறுத்தம் அழுத்தியிருக்கிறது: எல்லா பட்டன்களையும் சுற்றிப் பாருங்கள், ஒன்று உள்ளேயே மாட்டியிருக்கும். தொடர்பு அறுந்தது: கேபிள் முனை தளர்ந்ததா, 24 வோல்ட் சப்ளை உண்மையிலேயே 24 இருக்கிறதா என்று அளவெடுங்கள்.

மறுபடி ஓட்டும்போது

பிரித்து மாட்டிய இணைப்பு எதுவானாலும் நேரே 300 பாருக்குப் போகக் கூடாது. காற்றை விரட்டிவிட்டு 10 பாரில் நிறுத்திச் சோப்பு நுரை தடவுங்கள். பிறகு 50, அதன் பிறகு 100 பார். ஒவ்வொரு படியிலும் பம்பை நிறுத்தி 10 நிமிடம் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் சூடேறும்போது அழுத்தமும் ஏறும் என்பதால் வெப்பநிலை நிலைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். இல்லையேல் சிறு கசிவை அந்த ஏற்றம் மறைத்துவிடும். கசிவு தெரிந்தால் அழுத்தத்தில் வைத்தே நட்டை முறுக்காமல், முழுதும் இறக்கிவிட்டு இறுக்குங்கள்.

இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் சிறைப்படாமல் பார்த்துக்கொள்வதும் இந்த நேரத்தில்தான். முழுக்க திரவம் நிரம்பிய குழாய்த் துண்டு அறைச் சூட்டில் வெதும்பினால் ஒவ்வொரு டிகிரிக்கும் பல பார் ஏறும். அந்தத் துண்டுக்கு எந்த சேஃப்டி வால்வ் காவல் என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரிந்த பிறகே அதன் இரு வால்வுகளையும் மூடுங்கள்.